இணையப் படிவம் வளர்ந்த கதை

ரயில் டிக்கெட் எடுக்க ஒரு படிவம். பரீட்சைக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம். புது மின்னஞ்சல் கணக்கு வேண்டுமா, அதற்கும் ஒரு படிவம். பெயர், முகவரி, பிறந்த தேதி, கடைசியில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். கண் மூடிக்கொண்டு நிரப்பிவிட்டுப் போகிற இந்தச் சாதாரண விஷயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஓட்டெடுப்பில் தோற்றவர்களின் கோபம் உண்டு, திருட்டு உண்டு, கோடிக்கணக்கில் டாலர் உண்டு, நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு!

இணைய வரலாறு எழுதுகிறவர்கள் தேடுபொறி, சமூக வலைத்தளம் என்று பெரிய பெயர்களின் பின்னாலேயே போய்விடுகிறார்கள். படிவத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் படிவம் வந்திருக்காவிட்டால் இணையம் சுவரொட்டியாகவே நின்றிருக்கும். படிக்கலாம், பதில் எழுத முடியாது.

திரையில் படிவம் நிரப்பும் பழக்கம் இணையத்தைவிடப் பழையது. 1971இல் ஐபிஎம் நிறுவனம் 3270 என்ற முனையத்தைக் கொண்டுவந்தது. திரையில் கட்டங்கள் தெரியும், ஊழியர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஒரு விசையை அழுத்துவார், மொத்தமும் ஒரே மூட்டையாக மெயின்ஃப்ரேம் கணினிக்குப் போகும். வங்கிகளும் விமான நிறுவனங்களும் பல வருடம் இப்படித்தான் வேலை பார்த்தன. ஒரே வித்தியாசம், அதை நிரப்பியவர் நிறுவனத்தின் ஊழியர். வாடிக்கையாளரே நிரப்புகிற காலம் பின்னால்தான் வந்தது. (சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்த வேலையை இன்று எல்லோரும் சும்மா செய்துகொடுக்கிறார்கள் என்பது தனிக் கதை.)

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கியபோது அதில் படிவம் என்று எதுவும் இல்லை. 1991இல் அவர் எழுதிய எச்டிஎம்எல் பட்டியலில் 'ஐஎஸ்இண்டெக்ஸ்' என்று ஒரு குறிச்சொல் மட்டும் இருந்தது. அதைப் பக்கத்தில் போட்டால், தேட வேண்டிய சொல்லை அடித்து அனுப்பலாம். அவ்வளவுதான், ஒரு கேள்வி, ஒரு பதில். செர்ன் ஊழியர்களை அந்தக் காலத்தில் வலைப் பக்கம் இழுத்தது எது தெரியுமா? அங்கே வைக்கப்பட்டிருந்த டெலிபோன் டைரக்டரி! பெயரை அடித்தால் எண் வரும். அதற்கு அந்த ஒரு கட்டம் போதும்.

உண்மையான படிவம் 1993இல் வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் எச்பி ஆய்வகத்தில் இருந்த டேவ் ராகெட், 'எச்டிஎம்எல் பிளஸ்' என்ற தன் வரைவில் படிவங்களுக்கு இடம் கொடுத்தார். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த என்சிஎஸ்ஏ மையம், தன் மொசைக் பிரவுசரின் 2.0 பதிப்பில் படிவங்களைக் காட்டத் தொடங்கியது. நிரப்பி அனுப்பியதை வாங்கிக்கொள்ள மறுமுனையில் ஆள் வேண்டுமே? அதற்காக அதே மையம் சிஜிஐ என்ற ஏற்பாட்டைச் செய்தது. படிவத்தில் வந்ததை சர்வர் வாங்கி வேறொரு ப்ரோக்ராமிடம் கொடுக்கும், அந்த ப்ரோக்ராம் கணக்குப் போட்டுப் பதில் பக்கத்தை எழுதித் தரும். இணையக் கடை, இணைய வங்கி எல்லாம் முளைத்தது இந்த இடத்தில்தான்.

1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 முறையான தரமாக வெளிவந்தது. ஒரு வரிக் கட்டம், கடவுச்சொல் கட்டம், டிக் அடிக்கும் பெட்டி, கீழிறங்கும் பட்டியல், நீளமாக எழுத ஒரு பெரிய பெட்டி, 'ரேடியோ' பொத்தான் எல்லாம் அதில் இருந்தன. இந்த 'ரேடியோ' என்ற பெயர் பழைய கார் ரேடியோவிலிருந்து வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே அழுந்தியிருந்தது வெளியே துள்ளி வந்துவிடும், ஒரே நேரத்தில் ஒரு ஸ்டேஷன்தான். அதே மாதத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபல், மாசின்டர் என்ற இருவர், படிவத்தோடு ஃபைலையும் சேர்த்து அனுப்பும் முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும்போது புகைப்படத்தையும் மார்க் ஷீட்டையும் ஏற்றுகிறோமே, அதற்கு மூலம் அதுதான்.

ஆனால் படிவம் போட வேண்டும் என்றால் ப்ரோக்ராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை ப்ரோக்ராமர் கையில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஒரு பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ தன் பக்கத்தில் நாலு கேள்வி கேட்க விரும்பினால் ஆளைத் தேடிப் பணம் கொடுக்க வேண்டும். பின்னால் வந்த பெரும்பாலான முன்னேற்றங்கள் இந்தக் கதவைத் திறக்கிற முயற்சிகள்தான்.

முதலில் தட்டியவர் ஒரு பள்ளி மாணவர். மேட் ரைட் என்ற அமெரிக்கப் பையன் 1995இல் 'ஃபார்ம்மெயில்' என்ற சின்ன ப்ரோக்ராமை எழுதி இலவசமாக வெளியிட்டார். சர்வரில் போட்டுவிட்டால் போதும், யார் படிவம் நிரப்பினாலும் அது மின்னஞ்சலாக வந்து சேரும். உலகம் முழுக்கப் பரவியது. அதே வருடம் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை வெளியிட்டார். விரைவிலேயே அதன் பெயர் பிஎச்பி/எஃப்ஐ ஆனது. அந்த எஃப்ஐ என்பதற்கு 'படிவங்களைப் புரிந்துகொள்வது' என்று பொருள். பின்னாளில் பல கோடி இணையதளங்களை ஓட்டிய பிஎச்பி மொழி, படிவம் வாங்கும் வேலைக்காரனாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கியது!

ஃபார்ம்மெயிலில் ஒரு ஓட்டை இருந்தது. மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரி, படிவத்துக்குள்ளேயே மறைவான கட்டமாக எழுதப்பட்டிருந்தது. மறைவு என்றால் கண்ணுக்குத்தான் மறைவு, பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் தெரியும். அதை மாற்றி அனுப்பினால் அடுத்தவர் சர்வரிலிருந்து யாருக்கு வேண்டுமானாலும் அஞ்சல் போகும். 2000களின் தொடக்கத்தில் ஸ்பாம் கும்பல்கள் இதைத் தேடித் தேடிப் பிடித்தன. தொடர்புப் படிவம் வைத்திருந்த அப்பாவித் தளங்கள், தங்களுக்கே தெரியாமல் குப்பை அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே என்ற பாடத்தை ப்ரோக்ராமர்கள் இப்படித்தான் கற்றார்கள்.

நடுவில் ஒரு சண்டை. படிவத்தில் தப்பு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டியிருந்தது. பிரண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் உருவாக்கிய மொழி அது. ஒவ்வொரு தளமும் அதே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. இதைச் சரிசெய்ய, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2003 அக்டோபரில் 'எக்ஸ்ஃபார்ம்ஸ்' என்ற புதிய தரத்தை வெளியிட்டது. அழகான திட்டம்தான். ஆனால் பழைய படிவங்களோடு ஒட்டாது, எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். ஓபரா, மொசில்லா இரண்டும், "இருக்கிற எச்டிஎம்எல் படிவத்தையே கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்துவோம்" என்று 2004 ஜூனில் நடந்த ஒரு கூட்டத்தில் கேட்டன. ஓட்டெடுப்பில் ஆதரவு 8, எதிர்ப்பு 14. தோற்றுப்போனவர்கள் அந்த வாரமே, ஜூன் 4ஆம் தேதி, 'வாட்டபிள்யூஜி' என்று தனிக்கடை போட்டார்கள். அங்கே இயன் ஹிக்ஸன் தொகுத்த 'வெப் ஃபார்ம்ஸ் 2.0' வரைவுதான் பின்னால் எச்டிஎம்எல்5 என்ற பெரிய வேலைக்குள் கலந்தது. 2014 அக்டோபர் 28 அன்று அதே டபிள்யூ3சி, எச்டிஎம்எல்5ஐத் தன் தரமாக அறிவித்தது! கைபேசியில் மின்னஞ்சல் கட்டத்தைத் தொட்டதும் '@' குறியோடு விசைப்பலகை வருவதும், தேதிக் கட்டத்தில் காலண்டர் விரிவதும், 'இது கட்டாயம்' என்று பிரவுசரே தடுப்பதும் அந்தத் தோல்வியின் பலன்கள். எக்ஸ்ஃபார்ம்ஸை எந்தப் பெரிய பிரவுசரும் தன்னோடு சேர்த்துத் தரவில்லை.

தரம் வகுப்பவர்கள் பத்து வருடம் பேசிக்கொண்டிருக்க, வியாபாரிகள் காத்திருப்பார்களா? கணக்கெடுப்புக்கென்றே 1999இல் ரயன் ஃபின்லி 'சர்வேமங்கி'யைத் தொடங்கியிருந்தார். 2006இல் ஒரே வருடத்தில் மூன்று திசைகளிலிருந்து படிவம் கட்டித்தரும் சேவைகள் கிளம்பின. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கெவின் ஹேலும் ரயன், கிறிஸ் கேம்ப்பெல் சகோதரர்களும் 'வூஃபூ'வை ஆரம்பித்தார்கள். அய்டெகின் டாங்க் என்ற துருக்கியர் 'ஜாட்ஃபார்ம்' கொண்டுவந்தார். சென்னையில் ஸ்ரீதர் வேம்புவின் அட்வென்ட்நெட் (2009இல் சோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது) 'சோஹோ கிரியேட்டர்' வெளியிட்டது. மூன்றிலும் மையக் கருத்து ஒன்றுதான். கட்டங்களை மவுஸால் இழுத்துப் போட்டால் படிவம் தயார், அதன் பின்னால் பதில்களைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளமும் தானாகவே தயார். சிஜிஐ தெரிய வேண்டாம், பிஎச்பி தெரிய வேண்டாம்.

வூஃபூவின் கதை வணிகவியல் மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. அவர்கள் திரட்டிய முதலீடு சுமார் 1,18,000 டாலர். பத்துப் பேர் அளவிலான குழு. ப்ரோக்ராம் எழுதுகிறவர் உட்பட எல்லோரும் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது விதி. வாரம் ஒரு நாள் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குக் கையால் நன்றிக் கடிதம் எழுதினார்கள். 2011 ஏப்ரலில் சர்வேமங்கி அவர்களை 3.5 கோடி டாலருக்கு வாங்கியது. வருமானம் எப்படி? இலவசத் திட்டத்தில் சில படிவங்கள், மாதத்துக்கு இத்தனை பதில் என்று வரம்பு, தாண்டினால் சந்தா. இந்த வியாபாரத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இலவசப் படிவத்தின் அடியில் சேவையின் பெயர் இருக்கும். ஆகவே ஒருவர் படிவம் உருவாக்கினால் அதை நிரப்புகிற நூறு பேரும் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் தனக்கும் ஒன்று வேண்டுமென்று வருவார். விளம்பரச் செலவு ஏறக்குறைய பூஜ்யம்!

2008 பிப்ரவரியில் கூகுள் வந்தது. தன் ஆன்லைன் விரிதாளில், படிவம் வைத்துத் தகவல் சேர்க்கும் வசதியை இலவசமாகச் சேர்த்தது. ஒவ்வொரு பதிலும் ஒரு வரிசையாக விரிதாளில் போய் உட்காரும். 'கூகுள் ஃபார்ம்ஸ்' என்ற தனிப் பெயர் பின்னால்தான் பிரபலமானது. விலை பூஜ்யம் என்றால் போட்டியாளர்கள் என்ன செய்வார்கள்? கூகுளிடம் இல்லாததை விற்பார்கள். படிவத்துக்குள்ளேயே பணம் வாங்குவது, ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியை மாற்றுவது, கையெழுத்து வாங்குவது, ஆயிரக்கணக்கில் மாதிரிப் படிவங்கள் என்று வசதிகள் பெருகியதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். பார்சிலோனாவில் 2012இல் தொடங்கிய 'டைப்ஃபார்ம்' தோற்றத்தையே மாற்றியது. ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் திரையில் வரும், பேசுவது போல. சிலருக்கு அது பிடித்தது. மொத்தம் எத்தனை கேள்வி என்று முதலிலேயே பார்த்துவிட விரும்புகிறவர்களுக்கு எரிச்சல்தான்.

வசதி கூடக்கூடப் படிவம் நீளும். அங்கேதான் பணம் ஒழுகியது. ஜாரெட் ஸ்பூல் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதிய ஒரு சம்பவம் இந்தத் துறையில் புராணம் போல ஆகிவிட்டது. ஒரு பெரிய அமெரிக்க இணையக் கடை (பெயரை அவர் சொல்லவில்லை). பொருட்களைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போனால் குறுக்கே ஒரு சின்னப் படிவம் வரும்: மின்னஞ்சல், கடவுச்சொல், 'உள்நுழை', 'பதிவுசெய்'. பழைய வாடிக்கையாளருக்குக் கடவுச்சொல் ஞாபகம் இல்லை. புதியவருக்குப் பதிவு செய்ய மனமில்லை. இருவருமே கூடையை விட்டுவிட்டுப் போனார்கள். 'பதிவுசெய்' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்கு கட்டாயமில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்குவோர் 45 சதவீதம் கூடினார்கள், முதல் வருடத்தில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர்!

எக்ஸ்பீடியா பயணத் தளத்தின் அனுபவம் இன்னும் வேடிக்கை. பெயருக்கு அடியில் 'கம்பெனி' என்று ஒரு கட்டம் இருந்தது, கட்டாயம்கூட இல்லை. சிலர் அதைத் தங்கள் கார்டு கொடுத்த வங்கி என்று நினைத்து வங்கியின் பெயரை எழுதினார்கள். அடுத்து முகவரி கேட்டதும் வங்கியின் முகவரியையே எழுதினார்கள். கார்டு சரிபார்ப்பில் முகவரி பொருந்தாமல் பணம் ஏறவில்லை. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதில் ஆண்டு லாபம் 1.2 கோடி டாலர் கூடியதாக 2010இல் அந்த நிறுவனம் சொன்னது.

இது பணத்தில் கணக்குப் பார்க்க முடிந்த பிழை. கணக்குப் பார்க்க முடியாதவையும் உண்டு, அதில் தமிழர்களுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. தமிழில் எழுதினால் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பதே பல வருடம் சந்தேகமாக இருந்தது. ஐரோப்பிய எழுத்துகளுக்காக அமைத்த பக்கத்தில் 'க' என்று யூனிகோடில் அடித்தால் பிரவுசர் அதை 2965 என்ற குறியீட்டு எண்ணாக மாற்றி அனுப்பிவிடும், மறுமுனையில் படிப்பவருக்கு வெறும் எண் வரிசை. சில இடங்களில் வெறும் கேள்விக்குறிகள். யூடிஎஃப்-8 முறை பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது.

எழுத்து போய்ச் சேர்ந்தாலும் பெயர் மாட்டிக்கொண்டது. மேற்கத்திய வழக்கப்படி முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். குடும்பப் பெயர் இல்லாமல் இன்ஷியலோடு வாழ்கிறவர் என்ன எழுதுவார்? ஒற்றை எழுத்து போட்டால் 'மிகக் குறைவு' என்று சிவப்பில் வரும், புள்ளி வைத்தால் 'தவறான குறி' என்று வரும். வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டால், மகளுக்கு வருகிற அஞ்சல் 'அன்புள்ள முருகேசன்' என்று ஆரம்பிக்கும். சிரித்துவிட்டுப் போகலாம், எல்லை தாண்டும் வரை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலா விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் திண்டாடினார்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தப்பட்டது. முழுப்பெயர் என்று ஒரே கட்டம் வைத்தால் தீர்ந்துபோகிற தொல்லைகள் நிறைய. படிவச் சேவைகளில் அந்த வசதி உண்டு, படிவம் வைக்கிறவர் தேர்ந்தெடுக்க வேண்டுமே!

கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் பதில்கள் எங்கே இருக்கின்றன? கேட்டவரிடமும் இல்லை, சொன்னவரிடமும் இல்லை. மூன்றாவது ஒரு நிறுவனத்தின் சர்வரில். 2012 பிப்ரவரியில் ஜாட்ஃபார்மின் டாட் காம் முகவரி திடீரென்று இயங்காமல் போனது. யாரோ சிலர் அதில் மோசடிப் படிவம் வைத்திருந்தார்கள் போலும். அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் ஒரு விசாரணைக்காகக் கேட்டுக்கொண்டதன் பேரில், முகவரியைப் பதிந்துகொடுத்த கோடாடி நிறுவனம் அதை முடக்கியது. நீதிமன்ற உத்தரவு எதுவும் ஜாட்ஃபார்முக்குக் காட்டப்படவில்லை. இலட்சக்கணக்கான படிவங்கள் ஒரே நேரத்தில் செத்தன. டாட் நெட் முகவரிக்கு மாறுங்கள் என்று டாங்க் பயனர்களைக் கேட்டுக்கொண்டார். சில நாளில் முகவரி திரும்பக் கிடைத்தது. நடுவில் எத்தனை ஆர்டர், எத்தனை விண்ணப்பம் போனதோ.

அது பதில்கள் வராமல் போன கதை. 2018 ஜூனில் நடந்தது பதில்கள் வெளியே போன கதை. டைப்ஃபார்மின் மே 3ஆம் தேதி வரையிலான ஒரு காப்புப்பிரதியின் பகுதியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். பிரிட்டனின் மோன்சோ வங்கி தன் வாடிக்கையாளர்களில் சுமார் 20,000 பேரின் விவரங்கள் அதில் போயிருக்கலாம் என்று அறிவித்து, டைப்ஃபார்மோடு உறவை முறித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தேர்தல் ஆணையமும் அதில் மாட்டியது. விரைவு வாக்குக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் போயின. அந்த வாக்காளர்களில் பலர் டைப்ஃபார்ம் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பதில் சொன்னது தேர்தல் ஆணையத்துக்கு!

அந்தச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்புதான், மே 25 அன்று, ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தேவைக்கு மேல் கேட்காதே, வேலை முடிந்தால் அழி, கேட்டால் காட்டு என்றது அந்தச் சட்டம். பதில்களைக் குறித்த நாளுக்குப் பின் தானாக அழிப்பது, சேமிக்கும்போதே பூட்டிவைப்பது, ஐரோப்பாவுக்குள்ளேயே தகவலை வைத்திருப்பது போன்ற வசதிகளைப் படிவச் சேவைகள் விளம்பரம் செய்ய ஆரம்பித்தன. 2023க்குப் பிறகு, கேள்வி என்ன என்று ஒரு வரி சொன்னால் படிவத்தையே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் என்பதும் அந்த விளம்பரங்களில் சேர்ந்துகொண்டது.

டிக் பெட்டிக்கும் ஒரு தீர்ப்பு வந்தது. ஜெர்மனியில் பிளானட்49 என்ற நிறுவனம் 2013இல் ஒரு குலுக்கல் போட்டி நடத்தியது. கலந்துகொள்ளப் பெயர், முகவரி எழுத வேண்டும். கீழே, இணையத்தில் தங்களைப் பின்தொடரச் சம்மதம் என்ற பெட்டியில் டிக் ஏற்கெனவே அடித்திருந்தது. வேண்டாதவர்கள் எடுத்துவிட வேண்டுமாம். நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. முன்கூட்டியே அடித்த டிக் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று சொன்னது. பெட்டியை டிக் அடித்த நிலையிலேயே காட்டும் அந்த வசதி, 1995இன் எச்டிஎம்எல் 2.0 ஆவணத்திலேயே இருக்கிறது.